குப்பை இருக்கிறது, கூளம் எங்கே?

"மக்கும் குப்பை என்று எழுதிய பச்சை வாளியில்தான் காய்கறித் தோலைப் போடுகிறோம். மக்கும் பை என்று அச்சடித்த பையில்தான் கட்டுகிறோம். இரண்டே நாளில் வாளி நாறுகிறது. பையோ, தொட்டியில் புதைத்து மூன்று மாதமாகியும் அப்படியே இருக்கிறது. அப்படியானால் எதுதான் மக்குகிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பாதிப் பதில் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் அழுகுவது வேறு, மக்குவது வேறு. தக்காளி அழுகும், சருகு மக்கும். இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. மக்குதல், மட்குதல் என்றால் பொலிவு குன்றுதல், மழுங்குதல். வகுப்பில் திட்டு வாங்கும் 'மக்கு'வும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். அழுகல் என்றாலோ கொழகொழப்பும் நாற்றமும்தான் நினைவுக்கு வரும். நுண்ணுயிரியலும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. காற்றோடு நடந்தால் மக்கல், காற்றில்லாமல் நடந்தால் அழுகல். வாளியில் இருப்பது மக்கக்கூடிய பொருள்தான். ஆனால் அங்கே அது அழுகிக்கொண்டிருக்கிறது.

பள்ளிப் பாடத்தை வேகமாக ஓட்டிவிடுவோம். 180 கிராம் குளுக்கோஸ் ஆக்சிஜனோடு முழுதாகச் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் கிடைக்கும், சுமார் 2,800 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அதே குளுக்கோஸ் காற்றில்லாத இடத்தில் கடைசிவரை சிதைந்து மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்தால் 150 கிலோஜூல்கூடத் தேறாது. மீதி ஆற்றல் மீத்தேனுக்குள் அடைந்து கிடக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு நாட்கணக்கில் புகைந்ததே, அந்த மாதிரி மேடுகளின் வயிற்றுக்குள் இருக்கும் எரிபொருள் இதுதான். மீத்தேனுக்கு வாசனை கிடையாது. அது உருவாகும் வழியில் வருகிற பியூட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் சல்பைடும்தான் வாந்தி நாற்றத்தையும் அழுகிய முட்டை நாற்றத்தையும் தருகின்றன.

வாளியைத் திறந்தே வைத்தால் காற்று போகாதா? போகாது. இந்தக் கதையில் ரசிக்க வேண்டிய இடம் இதுதான்.

மக்க வைக்கும் பாக்டீரியா காற்றில் மிதந்துகொண்டு வேலை செய்வதில்லை. ஒவ்வொரு தோல்துண்டின் மேலும் படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்துக்குள் வாழ்கிறது. கரைந்த உணவைத்தான் அதனால் உறிஞ்ச முடியும், அதனால் தண்ணீர் கட்டாயம் வேண்டும். ஆக்சிஜனும் அந்தப் படலத்தைக் கடந்துதான் வர வேண்டும். சிக்கல் என்னவென்றால், காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இருப்பும் குறைவு. ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் இருந்தால், நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம்தான். படலம் மெல்லியதாக இருக்கும்வரை கவலையில்லை. துண்டுகளுக்கு இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால், உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அப்புறம் அந்த இடம் காற்று வேண்டாத கூட்டத்தின் கைக்குப் போகிறது. வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர். நறுக்கிப் போட்ட மறுநாள் செல்கள் உடைந்து அத்தனையும் வெளியே கசியும். வாளியின் அடியில் நிற்கும் பழுப்பு நீர் அதுதான். வாய் திறந்திருந்தாலும் அரை அடி ஆழத்தில் காற்றுக்கு வழியில்லை.

இதற்கான தீர்வும் தமிழில் ஒரு சொல்லாகவே இருக்கிறது: குப்பைகூளம். இன்று இரண்டும் ஒரே பொருள் போலத் தோன்றினாலும் விவசாயிகளிடம் அப்படி இல்லை. "வயலுக்குக் குப்பை அடிக்கிறோம்" என்றால் சாணி எருவை வண்டியில் கொண்டுபோய்க் கொட்டுவது. கூளம் என்பது வைக்கோல் துணுக்கு, பதர், சருகு. தொழுவத்தில் மாடு தின்று கழித்த வைக்கோல் சாணத்தோடும் கோமியத்தோடும் கலந்து குழிக்குப் போகும். தொழு உரம் என்ற பெயரே அந்தத் தொழுவத்திலிருந்து வந்ததுதான். கூளம் ஒன்றே இரண்டு வேலை பார்க்கிறது. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சந்துகளைத் திறந்து வைக்கிறது, கார்பனும் கொடுக்கிறது. நுண்ணுயிருக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறிக் கழிவில் அந்த விகிதம் 15, 20 என்று குறைவு. சருகில் 40க்கு மேல். நம் பச்சை வாளியில் குப்பை இருக்கிறது, கூளம் இல்லை. கூளத்தை வாசலில் கூட்டிக் கொளுத்துகிறோம்.

சென்ற நூற்றாண்டில் இந்தியாவில் பிறந்த இரண்டு புகழ்பெற்ற உரமாக்கும் முறைகளும் காற்று உண்டா, இல்லையா என்ற இந்த வேறுபாட்டில்தான் பிரிகின்றன. ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் வகுத்த முறையில் குவியலைப் புரட்டிப் புரட்டிக் காற்றூட்டுவார்கள், மூன்று நான்கு மாதத்தில் உரம் தயார். சி. என். ஆச்சார்யா 1939இல் பெங்களூரில் வகுத்த முறையில் தொடக்கத்தில் சில நாள் சூடேறவிட்டு, பிறகு சேற்றால் மெழுகி மூடிவிடுவார்கள். புரட்டும் வேலை கிடையாது, ஆனால் ஆறு முதல் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று போதும். பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குத் துளைகள், அடியில் ஐந்தாறு துளைகள். வாளியைத் தட்டின் மேல் இரண்டு செங்கல் வைத்து நிறுத்துங்கள். அடியில் மூன்று அங்குலத்துக்குத் தேங்காய் நார் அல்லது சுள்ளி. அன்றாடக் கழிவை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி ஒரு பங்கு போட்டால், நொறுக்கிய சருகு ஒன்றரை முதல் இரண்டு பங்கு. தென்னைநார்த் தூள் என்றால் அரைப் பங்கு போதும், தண்ணீரை அவ்வளவு குடிக்கும். ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். அதில் கார்பன் நிறைய இருந்தாலும் பெரும்பகுதி லிக்னின் என்ற, மரத்துக்கு உறுதி தரும் பொருளில் பூட்டிக் கிடக்கிறது, பாக்டீரியாவுக்கு எட்டாது. அந்தப் பூட்டைத் திறப்பது காளான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் சேர்ப்பது அதற்காகத்தான்.

மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். ஈரம் பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியலாம். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் சருகு போதவில்லை, பிடி உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். எறும்பு குடியேறினால் காய்ந்துவிட்டது என்று பொருள். மூக்கை எரிக்கும் அமோனியா நெடி என்றால் நைட்ரஜன் கூடிவிட்டது, பெரும்பாலும் பருப்போ முளைகட்டிய பயறோ கொட்டியிருப்பீர்கள். வெள்ளைப் பூஞ்சை நல்ல சகுனம். தடித்த பழுப்புப் புழுக்கள் கருப்புச் சிப்பாய் ஈயின் குஞ்சுகள், கடிக்காது. சோறுதான் உண்மையான வில்லன். குழைந்து களியாகி ஒரு சந்துகூட விடாது. எண்ணெய் மிதக்கும் குழம்பும் அப்படியே. சருகோடு பிசைந்து கைப்பிடி அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'உரமாக்கும் கரைசல்' என்று புட்டி புட்டியாக விற்கிறார்களே, தேவையா? என்னைக் கேட்டால் காசுக்குக் கேடு. முந்தைய வாளியின் உரம் ஒரு பிடியில் வேண்டிய நுண்ணுயிர் எல்லாம் இருக்கிறது. புளித்த மோர் ஒரு தம்ளர் தெளிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் காற்றில்லாத வாளியை எந்த மோரும் காப்பாற்றாது. விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்று இறுக மூடி வைக்கும் வீடுகளில், அழுகலுக்கு ஓர் இரவு முழுதாகக் கிடைக்கிறது. லட்சுமிக்கு அது பிடிக்குமா என்று தெரியவில்லை.

இனி அந்தப் பை. 'மக்கும் பை' பலவற்றில் பாலிலாக்டிக் அமிலம் என்ற நெகிழி சேர்ந்திருக்கும். 55 முதல் 60 டிகிரிக்குக் கீழே அதன் மூலக்கூறு இழைகள் கண்ணாடிபோல் இறுகி நிற்கும், தண்ணீர் புகுந்து வெட்டுவது மிக மெதுவாகவே நடக்கும். அதைத் தாண்டினால் இழைகள் இளகிவிடும். சான்றிதழுக்கான சோதனையும் சுமார் 58 டிகிரியில், ஆறு மாதம் வரை நடப்பது. ஒரு கனமீட்டர் குவியல் தானாகவே 60 டிகிரியைத் தொடும். 20 லிட்டர் வாளி தொடாது. பக்க அளவை இரட்டித்தால் வெப்பம் தரும் பருமன் எட்டு மடங்காகிறது, வெப்பம் இழக்கும் பரப்பு நான்கு மடங்குதான். சின்ன வாளியில் இந்தக் கணக்கு தலைகீழ். பிறந்த சூடு அன்றன்றே சுவர் வழியாகப் போய்விடும். ஆக, பை சொல்வது பொய்யல்ல. அது கேட்கும் அடுப்பு உங்கள் மாடியில் இல்லை. வாளிக்குள் பை வேண்டாம், அடியில் செய்தித்தாள் விரித்தால் போதும்.

வாளி நிறைந்தபின் இன்னும் இரண்டு மாதம் கிளறிவந்தால் கழிவு கறுத்து உதிரும். தயாரா என்று அறிய மூக்கு போதும். முதல் மழையின் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினை ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை நுண்ணுயிர்கள் சுரக்கின்றன. எளிதில் கிடைக்கும் சர்க்கரை தீர்ந்து, முரட்டு நார் மட்டும் மிஞ்சும் கட்டத்தில்தான் அவை ஓங்கும். அந்த வாசனை வந்துவிட்டால் கால் அங்குலக் கண் சல்லடையில் சலித்துச் செடிக்கு இடலாம். சல்லடையில் தங்கும் மாங்கொட்டை, தேங்காய் நார், முருங்கைக்காய்ச் சக்கை எல்லாம் அடுத்த வாளியின் அடியில் போகட்டும். அவற்றில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்தான் அதற்கு உறை.