ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது?

சென்ற வாரம் மறுபடியும் அதே அழைப்பு. சிறிய அலுவலகம் ஒன்று. பேக்கப் சர்வரில் இசட்எஃப்எஸ் (ZFS) என்னும் கோப்பு முறைமை. பழைய ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது ஒரு கணத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவுகளை, கழிக்க இரவில் ஓடும் ஸ்கிரிப்டை யாரோ திருத்தியபோது, டேட்டாசெட் (கோப்புகள் இருக்கும் தொகுதி) பெயருக்குப் பின்னால் வரவேண்டிய @ குறியும் ஸ்னாப்ஷாட் பெயரும் விடுபட்டுப்போயின. அழிக்கும் கட்டளையான டெஸ்ட்ராயில், சேர்ந்தவை அனைத்தையும் அழிக்கச் சொல்லும் -ஆர் (-r) மட்டும் அப்படியே இருந்தது. டேட்டாசெட்டே தன் ஸ்னாப்ஷாட்டுகள் அனைத்தோடும் போய்விட்டது. அது மவுண்ட் செய்யப்படாமல் (பயன்பாட்டுக்கு இணைக்கப்படாமல்) கிடந்ததால் தடுக்கவும் எதுவும் இல்லை.

"ஸ்னாப்ஷாட்டைப் படிக்கத்தானே முடியும், அது எப்படி அழியும்?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது. படிக்க மட்டும் என்றால், உள்ளே இருக்கும் கோப்பைத் திருத்த முடியாது என்று பொருள். எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டே வந்தாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. ஸ்னாப்ஷாட்டையே முழுதாக நீக்குவது வேறு செயல், அதற்கான உரிமையும் வேறு. கல்வெட்டில் எழுத்தை மாற்ற முடியாது என்பதால் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது என்று ஆகிவிடுமா? உள்ளே உள்ள கோப்பு யாருடையது, அதற்கு 444 (படிக்க மட்டும்) போட்டிருக்கிறீர்களா என்பதையெல்லாம் இசட்எஃப்எஸ் பார்ப்பதே இல்லை. கட்டளையிடுவது ரூட்டா, அல்லது உரிமை வழங்கும் அலவ் கட்டளை வழியாக டெஸ்ட்ராய், மவுண்ட் இரண்டையும் பெற்ற கணக்கா என்று மட்டுமே பார்க்கிறது.

இன்னொரு கோப்பு முறைமையான பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) இதில் கண்டிப்பானது. தன் சப்வால்யூமுக்கு (டேட்டாசெட் போன்ற பிரிவு) சாதாரணப் பயனரே ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். ஆனால் கோப்புகள் உள்ள ஸ்னாப்ஷாட்டை நீக்க ரூட் வேண்டும். அந்தத் தடையையும் மவுண்ட் செய்யும்போதே வசதிக்காகத் தளர்த்திவிடுகிறார்கள்.

பேக்கப் அனுப்பும் கணக்குக்கு டெஸ்ட்ராய் கொடுக்காதீர்கள். ஸ்னாப்ஷாட், சென்ட், மவுண்ட் போதும். பழையதைக் கழிக்கத் தனிக் கணக்கு வையுங்கள். மாதக் கடைசி ஸ்னாப்ஷாட்டுகளுக்கு ஹோல்ட் என்னும் பூட்டைப் போடுங்கள். ஹோல்ட் இருக்கும்வரை ரூட் டெஸ்ட்ராய் செய்தாலும் அவை அசையாது. ஹோல்டை எடுக்கும் ரிலீஸ் தனி உரிமை. அதையும் கழிக்கும் கணக்கிடமே கொடுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். ஸ்கிரிப்டைத் திருத்தினால் முதலில் -என்வி (-nv) சேர்த்து ஒத்திகை பாருங்கள். எவை அழியும் என்று அது பட்டியலிடும், எதையும் தொடாது.

பெறும் பக்கத்தில் ரிசீவ் கட்டளைக்கு -எஃப் (-F) போடும் பழக்கத்தையும் யோசியுங்கள். டேட்டாசெட்டை அதன் ஸ்னாப்ஷாட்டுகளோடு மொத்த நகலாக வைத்து, புதிய மாற்றங்களை மட்டும் அனுப்பும்போது, அனுப்பும் பக்கம் அழிந்த ஸ்னாப்ஷாட்டுகள் இங்கேயும் அழியும்.

தயவுசெய்து இன்றே அலவ் கட்டளையோடு டேட்டாசெட் பெயரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். யாருக்கு என்ன உரிமை என்று காட்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அதில் இருந்தால், அன்அலவ் செய்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.