கேட் வரைக்கும் வண்டி வேண்டாம்

சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்காகச் சென்னையில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் கேட்பது வேகத்தடைதான். தலைமையாசிரியரும் கேட்பார், பெற்றோரும் கேட்பார்கள். தப்பில்லை. ஆனால் காலை எட்டேகால் மணிக்கு அந்த வாசலில் நின்று பாருங்கள். வண்டிகள் வேகமாகப் போக அங்கே இடமே இருக்காது. நடந்து வரும் பிள்ளைக்கு ஆபத்து, நிற்கும் வண்டிகளிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது.

புரசைவாக்கம், பெரம்பூர் பக்கத்துக் குறுகலான தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளையை இறக்கிவிட வந்த கார் கேட்டை ஒட்டி நிற்கிறது. பின்னால் பள்ளி வேன், பக்கத்தில் ஆட்டோ. நடைபாதையில் ஈ.பி. பெட்டி, அதையொட்டி டிபன் தள்ளுவண்டி. நடந்து வரும் பிள்ளை இதையெல்லாம் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில்தான் போயாக வேண்டும். மழைக்காலத்தில் ஓரமெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் சொல்லவே வேண்டாம்.

ஆய்வின்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்துக்கு, சுமார் 115 செ.மீ., குனிந்து நின்று போட்டோ எடுப்போம். படத்தில் ஒரு கார் கதவும் வேனின் பின்சக்கரமும்தான் விழும். எதிரே வரும் பைக் தெரியாது. பைக்கில் வருபவருக்கும் பிள்ளையின் தலை தெரியாது. ‘ரெண்டு பக்கமும் பார்த்துப் போ’ என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புகிறோம். பார்க்க வழி விட்டால்தானே!

வேகத்தின் கணக்கு தெரு கொஞ்சம் காலியானதும் வரும். ஓட்டுபவர் சுதாரிக்க ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், காய்ந்த சாலையில், 13 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் வரும் கார் அந்த 13 மீட்டரைக் கடக்கும்போது ஓட்டுநர் பிரேக்கையே மிதித்திருக்க மாட்டார். குடியிருப்புத் தெருக்களுக்கு 30 என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023-இல் வரம்பு வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

சரி, வேகத்தடை? சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய தார் மேடுகள். மழைநீர் போவதற்கு ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள். பைக்காரர்கள் அதில் புகுந்து போவார்கள். பிள்ளைகள் நடப்பதும் அதே ஓரத்தில்தான். அதைவிட, ஜீப்ரா கிராசிங்கையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிப் போடுவது நல்லது. வேகமும் குறையும், பிள்ளையும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதன் இருபுறமும் வண்டி நிற்கக் கூடாது.

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் அரை மணி நேரம் கேட் முன் வண்டிகளை நிறுத்தவிடாமல், நூறு மீட்டர் தள்ளித் தெருமுனையில் இறக்கிவிடச் சொல்வது. ‘பை கனம்’, ‘ஆபீசுக்கு நேரமாகிறது’ என்று முதல் வாரம் சண்டை நடக்கும். நடக்கட்டும். தன் பிள்ளையைக் கேட்டிலேயே இறக்கிவிடும் ஒவ்வொருவரும் நடந்து வரும் இன்னொரு பிள்ளையின் வழியை மறிக்கிறார்.

அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அங்கே தீர்மானம் போட்டு வார்டு கவுன்சிலருக்கும் போக்குவரத்து ஆய்வாளருக்கும் நகல் கொடுங்கள். ‘பாதுகாப்பு வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் கோப்பு நகராது. கேட்டின் எந்தப் பக்கம் எத்தனை மீட்டருக்கு நோ பார்க்கிங், எந்த ஈ.பி. பெட்டியை நகர்த்த வேண்டும் என்று இடம் குறித்து எழுதுங்கள். தனியார் பள்ளியென்றால் இறக்கிவிடும் இடத்தைப் பள்ளி டைரியிலேயே அச்சடிக்கச் சொல்லலாம். மூடி இல்லாத வடிகாலுக்கு மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாம், மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.