ஏர் ஏறக்கூடாத சரிவில் என்ன விளைவிப்பது?

மரம் நட்டால் மண் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கப் பொருளாதாரப் புவியியலாளர் ஜோசப் ரசல் ஸ்மித் (1874–1966) அதோடு விடவில்லை. அந்த மரம் மக்காச்சோளத்துக்கு ஈடாகத் தீவனமோ உணவோ தரவேண்டும் என்றார்.

வர்ஜீனியாவில் பிறந்தவர், 1919 முதல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். சீனப் பெருஞ்சுவருக்கு அருகே, உழுதே மண்ணைத் தொலைத்து ஓடையோடையாகப் பிளந்து கிடந்த குன்றுகளைப் பார்த்தார். கார்சிகா தீவிலோ செங்குத்தான சரிவுகளில் ஒட்டுக்கட்டிய செஸ்ட்நட் என்னும் கொட்டை மரங்கள். மண்ணும் இருந்தது, ஊரும் பிழைத்தது. 1929-இல் வந்த அவருடைய ‘ட்ரீ கிராப்ஸ்’ என்ற நூல் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துத்தான் தொடங்குகிறது.

‘ஒட்டுக்கட்டிய’ என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அவர் பரிந்துரைத்த ஹனி லோகஸ்ட் மரத்தை எடுத்துக்கொள்வோம். இனிப்பான நெற்று உதிரும், மாடு பொறுக்கித் தின்னும். ஆனால் பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. விதை போட்டு வளர்த்தால் பாதி மரங்கள் காய்க்காமலே நிற்கும். காய்ப்பதிலும் இனிப்பு மரத்துக்கு மரம் மாறும். அதனால் விதைக்கன்று, ஒட்டைத் தாங்கும் வேர்ச்செடிக்கு மட்டுமே. விதைத்தோல் கெட்டி; அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, உப்பியதை மட்டும் விதைக்க வேண்டும். நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தின் குச்சியைக் குளிர்காலத்திலேயே வெட்டி, ஈரப்பதத்தோடு குளிரில் வைத்து, வசந்தத்தில் வேர்ச்செடி துளிர்க்கும்போது ஒட்ட வேண்டும். குச்சி முந்திக்கொண்டு துளிர்த்துவிட்டால், ஒட்டு சேருமுன் காய்ந்துவிடும். ஒட்டு மாங்கன்று கட்டிய கைகளுக்கு இதெல்லாம் புதிதல்ல.

சரிவில் மழைநீரைப் பிடிக்கச் சம உயரத்தில் வாய்க்கால் வெட்டி, மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டு, கரையை ஒட்டி மரம் வைப்பார்கள். கண்ணளவை நம்பி வெட்டினால் போச்சு. எங்கே தாழ்வோ அங்கே நீர் முழுதும் சேர்ந்து கரையை உடைக்கும். அந்த உடைப்பே அடுத்த ஓடைக்குத் தொடக்கம்.

ஒட்டுக்கட்டுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரே தாய் மரத்தின் ஒட்டுகள் எல்லாம் ஒரே மரம்தான், நோய்க்கும் அப்படியே. 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட செஸ்ட்நட் கருகல் நோய், அரை நூற்றாண்டுக்குள் ஒட்டுக்கட்டாத அமெரிக்கச் செஸ்ட்நட் காடுகளையே அழித்துவிட்டது. ஸ்மித் வளர்த்த செஸ்ட்நட் மரங்களும் தப்பவில்லை. பூஞ்சை பட்டைக் காயத்தில் புகுந்து தண்டைச் சுற்றி வளைக்கும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் காயும், வேர் மட்டும் சாகாது. பட்டையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளோடு வெடிப்பு தெரிந்தால் அது இந்த நோயாக இருக்கலாம். செஸ்ட்நட்டை மட்டும் நம்பாமல் ஓக், பெர்சிமன், முசுக்கொட்டை, வால்நட் என்று பல மரங்களை அவர் எழுதியதை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.