நெஞ்செலும்பு முறிந்தவருக்கு நஷ்டஈடு: பணம் கைநழுவும் இடங்கள்

கை முறிந்தால் மாவுக்கட்டு இருக்கும், கால் முறிந்தால் ஊன்றுகோல் இருக்கும். சாலை விபத்தில் நெஞ்செலும்பு முறிந்தவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் அறுவை சிகிச்சை கிடையாது, கட்டு கிடையாது, தழும்பும் கிடையாது. வலி மாத்திரை, ஓய்வு, "கனம் தூக்காதீர்கள்" என்ற ஒரு வரி, அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு இருமினால் வலி, தும்மினால் வலி, படுக்கையிலிருந்து எழுந்தால் உயிர் போகும். இந்த நிலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் போய் நின்றால், காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் கேட்கும் முதல் கேள்வி: "ஆபரேஷனே பண்ணலையே, அப்படி என்ன பெரிய காயம்?"

எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார். வேன் இடித்ததில் பைக்கின் ஹேண்டில்பார் நெஞ்சில் குத்திவிட்டது. முதல் நாள் முன்பக்க எக்ஸ்ரே ஒன்று எடுத்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வலி தாங்காமல் ஆறாம் நாள் இன்னொரு இடத்தில் பக்கவாட்டில் எடுத்துப் பார்த்தால் எலும்பு குறுக்காக உடைந்திருக்கிறது. அதற்குள் முதல் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் "வண்டி சறுக்கி விழுந்தார், சாதாரணக் காயம்" என்று ஏறிவிட்டது. அந்த ஒரு வரியோடு சண்டை போட்டே வழக்கு ஓடியது. கடைசியில் கிடைத்தது மருந்துச் செலவுக்குச் சற்று மேலே. அவரோடு அலைந்தபோது கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம், சுருக்கமாக

இந்தியாவில் சாலை விபத்து இழப்பீடு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வருகிறது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். இழப்பீடு பற்றிய பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நமக்கு மூன்று வழிகள்.

பிரிவு 166: எதிர்த்தரப்பு ஓட்டுநரின் தவறை நிரூபித்துக் கேட்பது. உச்சவரம்பு இல்லை. தமிழ்நாட்டில் "எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) போட்டிருக்கேன்" என்று சொல்வது இதைத்தான். பிரிவு 164: யார் தவறு என்ற பேச்சே இல்லாமல், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். பிரிவு 161: இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

பின்னவை இரண்டும் "கொடுங்காயம்" என்ற ஒரே சொல்லில் தொங்குகின்றன. எலும்பு முறிந்தாலே கொடுங்காயம்தான். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 116 அப்படித்தான் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. எத்தனை நாள் படுத்திருந்தீர்கள், ஆபரேஷன் நடந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. இதை ஸ்டேஷனில் ரைட்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும், வெட்கப்படாதீர்கள்.

ஆஸ்பத்திரிப் பதிவேடு: பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது

விபத்து என்று போனவுடன் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்பது அதன் நகல். யார் அழைத்து வந்தார், எப்படி அடிபட்டது, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, காயம் என்ன என்று சில வரிகள் இருக்கும். பின்னால் நீங்கள் பக்கம் பக்கமாக எழுதித் தரும் எதையும்விட இந்தச் சில வரிகளுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் நஷ்டஈடு என்ற நினைப்பே வராத நேரத்தில் எழுதப்பட்டவை அவை.

சிக்கல் என்னவென்றால், அதற்கான தகவலைத் தருவது பெரும்பாலும் அடிபட்டவர் அல்ல. தூக்கிக்கொண்டு வந்த யாரோ ஒருவர் போலீஸ், சாட்சி, கோர்ட்டு என்று பயந்து, "தானா விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த வரி இருந்தால் கம்பெனி வேறு எதையும் தேட வேண்டாம். ஆகவே நினைவு திரும்பியதும், முடிந்தால் அன்றைக்கே, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தவறாக இருந்தால் பணியிலிருக்கும் மருத்துவரிடம் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பழைய வரியை அவர்கள் அழிக்க மாட்டார்கள், அழிக்கவும் கூடாது. ஆனால் மறுநாளே மறுத்தீர்கள் என்பதற்கு உங்களிடம் ஒரு தாள் இருக்கும்.

அடுத்தது எக்ஸ்ரே. நேராக நின்று எடுக்கும் சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் நெஞ்செலும்பு முறிவு பல சமயம் தெரியாது. முதுகெலும்பும் இதயமும் அதை மறைத்துவிடும். பக்கவாட்டு எக்ஸ்ரே வேண்டும், இல்லையென்றால் சி.டி. ஸ்கேன். நடு நெஞ்சில் தொட்டால் சுளீரென்று வலிக்கிறது, மூச்சு இழுத்தால் வலிக்கிறது என்றால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லுங்கள். அந்த எலும்புக்கு நேர் பின்னால்தான் இதயம் இருக்கிறது, அதிலும் அடி பட்டிருக்கலாம். இது வழக்குக்காகச் சொல்வதல்ல, உயிருக்காகச் சொல்வது. வழக்குக்கும் உதவும் என்பது அப்புறம்.

முறிவு சில நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றால், காயச் சான்றிதழில் "சாதாரணக் காயம்" என்று முடித்துவிடும் முன் புதிய ஸ்கேன் அறிக்கையோடு முதல் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போங்கள். அங்கே "நாங்க கொடுத்ததை மாத்த முடியாது" என்பார்கள். மாற்ற வேண்டாம், புதிய அறிக்கையைப் பார்த்துக் கருத்து எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். இதற்கே நாலு முறை நடக்கவிடுவார்கள். நடந்துதான் ஆக வேண்டும். கிடைத்ததும் அதன் நகலை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இல்லாவிட்டால் குற்றப்பத்திரிகையும் "சாதாரணக் காயம்" என்றே போய்விடும்.

எந்த மருத்துவரிடம் போனாலும், எத்தனையாவது முறை போனாலும், "இந்தத் தேதியில் நடந்த சாலை விபத்து" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இடையில் பத்து நாள் இடைவெளி இருந்தால், அந்தப் பத்து நாளில் வேறெங்கோ விழுந்து முறித்துக்கொண்டார் என்று ஒரு கதை தயாராகிவிடும்.

போலீஸ் நிலையம்

புகார் கொடுத்தால் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது. பலர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறார்கள். அதை வைத்து ஒரு பைசா வாங்க முடியாது. "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்க, கேஸ்னா உங்க வண்டியும் உள்ளே போகும்" என்பது அடுத்த வசனம். இடித்தவர் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ நீட்டுவார். வாங்கிக்கொண்டு "எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்தத் தாள்தான் முதலில் எதிரே வந்து நிற்கும்.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதுவும் பலிக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 இரண்டுக்கும் இடம் தருகிறது. எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கேட்டால் தராதீர்கள், அது இலவசம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம்.

விபத்து பற்றிய அறிக்கையைப் போலீஸே மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சட்டத்தில் அழகாக இருக்கிறது. இருக்கட்டும். அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மனுவை நீங்களே போடுங்கள்.

விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2022-இலிருந்து திரும்பி வந்த விதி. கெடு தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இடைக்காலம் என்றால் இடைக்காலம்தான். ஆறு மாதம் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு சேரட்டும், முழுசாகக் குணமாகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மனுவைப் போட்டுவிட்டு மற்ற தாள்களைப் பிறகு சேர்க்கலாம். விபத்து நடந்த ஊருக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

"உங்களுக்கு இது பொருந்தாது"

பைக்குக்குக் காப்பீடு கட்டும்போதே 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் சேர்த்து வாங்குகிறார்கள். நெஞ்செலும்பு உடைந்தவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அது மரணம், கை கால் இழப்பு, கண் பார்வை இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும். உடைந்து சேர்ந்த எலும்புக்கு அதில் எதுவும் வராது. அதற்காக அலைந்து இரண்டு மாதத்தை வீணாக்காதீர்கள்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவர், காரில் கூடப் போனவர்: ஓட்டியவர் தவறால் விபத்து என்றால் அந்த வண்டியின் பாலிசியைப் பாருங்கள். சட்டத்துக்காக எடுக்கும் குறைந்தபட்ச மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான் என்றால், இவர்கள் மூன்றாம் நபர் இல்லை என்று கம்பெனி கைவிரித்துவிடும். அப்புறம் வண்டி உரிமையாளரிடம்தான் வாங்க வேண்டும், அவர் பெரும்பாலும் சித்தப்பாவோ நண்பரோவாக இருப்பார். எதிரே வந்த வண்டியின் மீதும் தவறு இருந்தால் அதன் கம்பெனியைக் கட்டாயம் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.

பிரிவு 164-இல் ஒரு பொறி. கம்பெனி சமரசமாக 2.5 லட்சம் தருகிறேன் என்று வந்து, நீங்கள் ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால், 166-இன்கீழ் போட்ட மனு அத்தோடு செல்லாமல் போய்விடும். சிலருக்கு அது நல்ல தொகைதான். மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு, இனி தூக்கவே முடியாதவருக்கு, அது நஷ்டம்.

வண்டி நிற்காமல் போய்விட்டதா? கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் படிவம் 1-ஐக் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும், அவர் 15 நாளில் முடிவெடுக்க வேண்டும். நடப்பது என்ன? "இது போலீஸ் வேலை" என்று வட்டாட்சியர் அலுவலகம் சொல்லும், "அது ரெவின்யூ" என்று ஸ்டேஷன் சொல்லும். திட்டத்தின் பெயரை மனுவின் தலைப்பிலேயே எழுதுங்கள்: மோதிவிட்டுத் தப்பிய மோட்டார் வாகன விபத்தில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம், 2022. பின்னால் வண்டி பிடிபட்டு வேறு இழப்பீடு வந்தால் இந்த 50,000 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று உறுதிமொழியும் வாங்குவார்கள், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

சதவீதக் கணக்கு

"எத்தனை சதவீதம் ஊனம்?" என்று கேட்பார்கள். நெஞ்செலும்பு சேர்ந்துவிட்டால் மருத்துவக் கணக்கில் சொற்ப சதவீதம்தான் வரும். அதை அப்படியே விட்டால் சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுத்துவிடுவார்கள். பத்து சதவீதம், சதவீதத்துக்கு ஐந்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம்: 50,000 ரூபாய்.

ஆனால் உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கணக்குப்பிள்ளைக்கும் சுமைதூக்கும் தொழிலாளிக்கும் ஒரே முறிவு ஒரே நஷ்டமல்ல. வேலைத்திறன் பத்து சதவீதம் நிரந்தரமாகக் குறைந்தது என்று நிரூபித்தால் கணக்கே மாறும். வயது 35, மாத வருமானம் 15,000, சொந்தத் தொழில் என்றால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000, ஆண்டுக்கு 2,52,000, அந்த வயதுக்கான பெருக்கு எண் (ஆண்டு வருமானத்தை எதனால் பெருக்குவது என்ற எண்) 16, அதில் பத்து சதவீதம் 4,03,200 ரூபாய். மருத்துவச் செலவு, வேலையிழந்த மாதங்களின் கூலி, வலிக்கான தொகை எல்லாம் இதற்கு மேல்.

இதற்கு வேண்டியது வருமானச் சான்றும் மருத்துவரும். தொழிலாளர் நல வாரிய அட்டை, விபத்துக்கு முந்தைய வங்கி வரவு, மேஸ்திரி நேரில் வந்து சொல்லும் சாட்சி, எது இருந்தாலும் கொடுங்கள். விபத்துக்குப் பிறகு அவசரமாகப் போட்ட வருமான வரிக் கணக்கு எடுபடாது. மருத்துவர் என்றால் உங்களுக்குச் சிகிச்சை தந்தவர், இல்லையென்றால் மெடிக்கல் போர்டு. உங்களை ஒருநாள் மட்டும் பார்த்து 40 சதவீதம் என்று சான்றிதழ் எழுதித் தருபவரிடம் புரோக்கர் கூட்டிப்போவார். போகாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது கிழிந்தால் உண்மையான வலியையும் சேர்த்துத்தான் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த புரோக்கர் வார்டுக்கே வருவார். வெற்று வக்காலத்து, வெற்றுத் தாள், நிரப்பாத காசோலை மூன்றிலும் கையெழுத்து கேட்பார். வருவதில் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். மனுவில் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு எண்ணையே கொடுங்கள், பாஸ்புக்கை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள்.

லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடிக்கச் சொன்னால், ஒத்துக்கொண்டபின் மேல்முறையீடு கிடையாது என்பது தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் தொகை குறைவென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள் உண்டு. ஆனால் தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கதவும் மூடித்தான் இருக்கும்.