மறைப்புக் கருவியைத் திருட முடியுமா?

1968 செப்டம்பர் 27 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளிப் புனைவுத் தொடரின் அத்தியாயம் ஒன்றில், கேப்டன் கிர்க் பித்துப் பிடித்தவர்போல் நடந்துகொள்கிறார். எண்டர்பிரைஸ் என்ற தன் விண்கப்பலை எதிரிகளான ரோமுலன்களின் எல்லைக்குள் செலுத்திப் பிடிபடுகிறார். அவரைக் கொன்றுவிட்டதாக அவருடைய துணை அதிகாரி ஸ்பாக் நாடகமாடுகிறார். ‘சடலம்’ சொந்தக் கப்பலுக்குத் திரும்பியதும், மருத்துவர் மெக்காய் அவருக்கு ரோமுலன்களுக்கு இருப்பதுபோன்ற கூர்மையான காதுகளையும் மேல்நோக்கி ஏறிய புருவங்களையும் அமைத்துக் கொடுக்கிறார். ரோமுலன் சீருடையில் மறுபடி எதிரிக் கப்பலுக்குள் நுழையும் கிர்க், ஒரு கப்பலையே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் மறைப்புக் கருவியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். பொறியாளர் ஸ்காட் அதை எண்டர்பிரைஸில் இணைக்கிறார்; கப்பல் மறைந்துபோகிறது.

கதையை எழுதியவர் டி. சி. ஃபோண்டானா. அந்த ஆண்டு ஜனவரியில் பியூப்லோ என்ற அமெரிக்க உளவுக் கப்பலை வடகொரியா கைப்பற்றியிருந்தது. அத்தியாயம் ஒளிபரப்பானபோது அதன் மாலுமிகள் இன்னும் சிறைப்பட்டுத்தான் இருந்தார்கள். அந்தச் சம்பவத்திலிருந்து கிளைத்த கதை என்பதால், உளவு வேலை நம்பும்படியாகவே இருக்கிறது. ஒட்டுக் காதுகளைக்கூட மன்னித்துவிடலாம். என்னால் நம்ப முடியாதது அந்தக் கருவியைத்தான். ஓர் ஆள் தூக்கக்கூடிய அளவில் இருக்கிறது. ஒரு கப்பலிலிருந்து கழற்றி, வடிவமே வேறான இன்னொரு கப்பலில் மாட்டினாலும் வேலை செய்கிறது. இயற்பியல் அனுமதிக்கும் மறைப்புக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது.

ஒரு பொருள் நமக்குத் தெரிவது, அது ஒளியின் போக்கைக் குலைப்பதால்தான். விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, ஒரு பகுதியை விழுங்குகிறது, பின்னால் நிழலை உண்டாக்குகிறது. அட்டக்கரியாக இருந்துவிட்டால் மறைந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. நட்சத்திரங்களுக்கு முன்னால் கறுப்புக் கப்பல் ஓர் ஓட்டையாகத் தெரியும். உண்மையாகவே மறைய வேண்டுமானால், பின்னாலிருந்து வரும் ஒளி கப்பலைத் தொடாமல் சுற்றிச் சென்று, இந்தப் பக்கம் தன் பழைய பாதையிலேயே தொடர வேண்டும். ஓடை நீர் பாறையைச் சுற்றி ஓடி, மறுபுறம் சேர்ந்துகொள்வதைப்போல.

ஒளியை வளைப்பது அப்படியொன்றும் அதிசயமல்ல. ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறினால் ஒளி வளையும். கானல் நீர் அப்படித்தான் உண்டாகிறது. கேள்வி, எந்த இடத்தில் எவ்வளவு மாற வேண்டும் என்பது. 2006இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பென்ட்ரியும், அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷூரிக், டேவிட் ஸ்மித் ஆகியோரும் இதற்கு அழகான வழி ஒன்றைச் சொன்னார்கள். வெளியையே பிடித்து இழுத்து, நடுவில் ஒரு துளை உண்டாக்கியதாகக் கற்பனை செய்ய வேண்டும். அப்படி இழுபட்ட வெளியில் ஒளி எந்தப் பாதையில் போகும் என்று கணக்கிட வேண்டும். அதே பாதையில் ஒளியைச் செலுத்தும் பொருளுக்கு ஒவ்வொரு புள்ளியிலும் என்னென்ன மின், காந்தப் பண்புகள் இருக்க வேண்டும் என்பதை மின்காந்தவியலின் அடிப்படையான மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளே சொல்லிவிடும். உல்ஃப் லியோன்ஹார்ட் என்ற இயற்பியலாளரும் ஏறத்தாழ இதே யோசனையைத் தனியாகக் கண்டடைந்து அதே நேரத்தில் வெளியிட்டார். துளைக்குள் எதை வைத்தாலும் ஒளிக்கு அது இல்லாததாகிவிடும்.

அப்படிப்பட்ட பொருள் இயற்கையில் இல்லை, செய்துகொள்ள வேண்டும். ட்யூக் குழு அதே ஆண்டு அக்டோபரில் செய்து காட்டியது. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த பத்து வளையங்கள்; அவற்றின் மேல் அலைநீளத்தைவிட மிகச் சிறிய செம்பு வடிவங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. இத்தகைய செயற்கை அமைப்புகளுக்கு மெட்டாமெட்டீரியல் என்று பெயர். நடுவில் ஒரு செம்பு உருளையை வைத்து நுண்ணலைகளைச் செலுத்தியபோது, உருளை உண்டாக்கும் சிதறலும் நிழலும் குறைந்தன. குறைந்தன என்பதுதான் சரி, முற்றிலும் மறையவில்லை. அதுவும் இரு பரிமாணத்தில், 8.5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் ஒன்றில் மட்டும்.

அந்த ‘மட்டும்’ என்ற கட்டுப்பாடு கைவேலையில் நேர்ந்த குறையல்ல. சுற்றுப் பாதை நேர்ப் பாதையைவிட நீளம். ஆனாலும் சுற்றிவரும் அலை, நேராகச் சென்ற அலையோடு சேர்ந்தே வந்தாக வேண்டும். பிந்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அலையின் முகடுகள் மறைப்புக்குள் வெற்றிடத்து ஒளியைவிட வேகமாக நகர வேண்டும். ஒரே அதிர்வெண் கொண்ட சீரான அலையில் முகடுகள் அப்படி நகர்வதற்குச் சார்பியல் தடை விதிக்கவில்லை. தகவலைச் சுமக்கும் துடிப்புதான் ஒளியை முந்த முடியாது. இதனால் மறைப்பு நன்றாக வேலை செய்வது ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையில்தான். விண்மீன் ஒளியிலோ எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. ஒரு நிறத்துக்கு மறையும் கப்பல் மற்ற நிறங்களில் பளிச்சென்று தெரியும். பொருளின் அளவு கூடக் கூட, அந்தப் பட்டை மேலும் சுருங்கும்.

இன்னொரு சங்கடம் உண்டு. ஒளி உள்ளே நுழையாமல் சுற்றிப் போகிறது என்றால், உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. முழுமையான மறைப்பு முழுமையான குருட்டுத்தனம். தொலைக்காட்சிக் கதைகளில் மறைந்திருக்கும் கப்பலின் தளபதி பெரிய திரையில் எதிரியை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த ஒளியில் பார்க்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

மறைப்பு என்பது கப்பலின் உடலைச் சுற்றி, அதன் வடிவத்துக்கென்றே கணக்கிட்டு அமைக்க வேண்டிய ஓர் உறை. அதைப் பெட்டிபோல் தூக்கிச் செல்ல முடியாது. திருடுவதற்கு ஏதாவது உண்டென்றால், அது கணக்குதான். நிஜ உலகில் அந்தக் கணக்கைத் திருட வேண்டிய அவசியம்கூட நேரவில்லை. சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்ட்சேவ், விளிம்புகளில் மின்காந்த அலைகள் எப்படிச் சிதறுகின்றன என்பதைப் பற்றி எழுதிய நூல் 1962இல் மாஸ்கோவில் வெளிப்படையாகவே வெளியானது. அமெரிக்க விமானப் படை அதை மொழிபெயர்த்தது. 1970களில் லாக்ஹீட் நிறுவனத்தின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் படித்தார். ஒரு விமானம் ரேடாரில் எவ்வளவு தெரியும் என்பதை அதன் வரைபடத்திலிருந்தே கணிக்கும் வழி அதில் கிடைத்தது. 1981இல் முதன்முதலாகப் பறந்த, ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-117 போர் விமானம் அதன் விளைவு. அந்த விமானம் ரேடார் அலையைத் தன்னைச் சுற்றி வளைத்து அனுப்புவதில்லை. தட்டையான முகங்களால் வேறு திசைக்குத் தள்ளிவிடுகிறது, மிச்சத்தைப் பூச்சால் உறிஞ்சுகிறது. ஒட்டுக் காதுகளும் வேண்டாம், நாடகச் சாவும் வேண்டாம். ரஷ்ய மொழி தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் போதுமாக இருந்தார்.

அதிர்வெண்ணின் விதி அங்கேயும் விடவில்லை. 1999 மார்ச் 27 அன்று யூகோஸ்லாவியாவில் ஓர் எஃப்-117 சுட்டு வீழ்த்தப்பட்டது. அதைக் கண்டுகொள்ள உதவியது நீண்ட அலைநீளத்தில் இயங்கும் பழைய சோவியத் ரேடார். அந்த விமானம் குறுகிய அலைகளை ஏமாற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டது.

விண்வெளியில் இதையெல்லாம் தாண்டிய சிக்கல் வெப்பம். ஒளியையும் ரேடாரையும் முற்றிலும் ஏமாற்றிவிட்டாலும், கப்பல் தானாகவே ஒளிர்கிறது. மனிதர் வாழத் தக்க 300 கெல்வினில் (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) இருக்கும் ஒரு கரும்பரப்பு, சதுர மீட்டருக்குச் சுமார் 460 வாட் அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். பின்னணி வானமோ 2.7 கெல்வின் குளிரில் கிடக்கிறது. வெப்பத்தை உள்ளேயே பூட்டி வைக்கலாமே என்றால், ஒரு மெகாவாட் கழிவு வெப்பத்தைப் பனிக்கட்டியை உருக்கிச் சமாளிக்க மணிக்குச் சுமார் 11 டன் பனிக்கட்டி வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 70 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றவே பெரிய கதிர்வீச்சுப் பலகைகளை விரித்து வைத்திருக்கிறது. நட்சத்திரங்களுக்கிடையே பாயும் எஞ்சினின் கழிவு வெப்பத்தை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். 1991இல் வந்த ஸ்டார் டிரெக் படத்தில், மறைந்திருக்கும் கப்பலை அது வெளியேற்றும் வாயுவை மோப்பம் பிடித்து அடிப்பார்கள். தொடரின் உலகத்துக்குள்ளேயே யாருக்கோ இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது.

ஒரே தந்திரம் மிச்சமிருக்கிறது. கப்பலின் ஒரு பக்கத்தை மிகவும் குளிர்வித்து எதிரியை நோக்கித் திருப்பிவைத்து, வெப்பம் முழுவதையும் மறுபக்கமாகக் கொட்டுவது. கொட்டும் திசையில் ஒரே ஒரு வேவுக்கலம் இருந்தாலும் அது பலிக்காது. அதனால் எதிரி எங்கெல்லாம் இருக்கிறான் என்பது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். மறைப்புக்குள் இருப்பவரால் வெளியே பார்க்க முடியாது.