மதர்போர்ட் வாங்கக் கொழும்புக்கு பஸ் ஏறுமுன்

ஏப்ரல் லீவில் ஒரு சனிக்கிழமை, மலைநாட்டில் உள்ள என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறந்த கையோடு ஓர் அண்ணன் வந்து நின்றார். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். கக்கத்தில் மதர்போர்ட் பெட்டி (புரொசெசர், ராம் எல்லாம் பூட்டப்படும் பெரிய தகடுதான் மதர்போர்ட்), மழைக்குப் பயந்து அதன் மேல் இரண்டு சுற்று ஷொப்பிங் பை. மகள் ஏ.எல். தொழில்நுட்பம் படிக்கிறாள், வீட்டுக் கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்கிறது என்று விடியக்காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டியில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்திருக்கிறார்.

"தம்பி, ராமை எவ்வளவு அமுக்கினாலும் இறங்க மாட்டேங்குது. போர்ட்டு பிழையா, ராம் பிழையான்னு கொஞ்சம் பாருங்க."

இரண்டிலும் பிழையில்லை. வீட்டிலிருந்த ராம் டி.டி.ஆர்.4 என்ற பழைய வகை, வாங்கி வந்த போர்ட் ஏற்பது டி.டி.ஆர்.5 என்ற புதிய வகை. இரண்டு ராமையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நீளம் ஒன்று, அடியில் 288 தங்கக் கால்கள் இரண்டிலும். ஆனால் அந்தக் கால்களுக்கு நடுவே உள்ள வெட்டு, ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. பிழையான ராம் தவறியும் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் டி.டி.ஆர்.4 ஓடுவது 1.2 வோல்ட்டில், டி.டி.ஆர்.5 ஓடுவது 1.1 வோல்ட்டில். அவர் அமுக்கிய அமுக்கில் ராம் சொக்கட்டின் பிளாஸ்டிக் மேட்டில் நகத்தால் கீறியது போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்திருந்தால் போர்ட் அங்கேயே போயிருக்கும்.

"கடைக்காரர் புரொசெசருக்குச் சரியா வரும்னு சொன்னாரே?" என்றார். சரியாகத்தான் வரும். இன்டெல் 12, 13, 14ஆம் ஜெனரேஷன் புரொசெசர்களுக்கான போர்ட்டுகள் இரண்டு விதமாகவும் வருகின்றன. பெட்டியில் பெயர் ஏறத்தாழ ஒன்றுதான், கடைசியில் ஒட்டியிருக்கும் 'டி4' என்ற இரண்டு எழுத்தில்தான் பல தடவை வித்தியாசம். கடைக்காரர் புரொசெசரைக் கேட்டார், ராமைக் கேட்கவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. ஃபோனில் பேசி மாற்றித் தர ஒப்புக்கொள்ள வைத்தோம். ஆனால் இன்னொரு தடவை பஸ் காசு, இன்னொரு நாள் பேர், அதாவது தோட்டத்து நாள் சம்பளம், போனதுதான்.

கொழும்பில் இருப்பவருக்கு இது அரை மணித்தியால அலைச்சல். நமக்கு ஒரு நாள் சம்பளம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மதர்போர்ட் தனியாக வாங்குகிற சாமான் அல்ல. சம்பந்தம் பேசுவது மாதிரி, பொருத்தம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பத்துப் பொருத்தம் வேண்டாம், நாலைந்து போதும். ஆனால் அவற்றைப் பார்க்க வேண்டிய இடம் கடை அல்ல, வீட்டில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர். கரண்டைக் கழற்றிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து, ஃபோனில் நாலு படம் எடுங்கள்: போர்ட் முழுதாக ஒன்று, ராமில் ஒட்டியிருக்கும் லேபிள், பவர் சப்ளை லேபிள், பின்பக்கத் துளைகள். கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறதென்றால் ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடுங்கள். புரொசெசரின் முழுப் பெயரும், 'பேஸ்போர்ட் ப்ராடக்ட்' என்ற வரியில் போர்ட்டின் பெயரும் இருக்கும். அதையும் ஒரு படம். இந்த ஐந்து படத்தோடு எந்தக் கடைக்குப் போனாலும் உங்களை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது.

அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. போர்ட் மாற்றத்தான் வேண்டுமா?

'மெதுவாக இருக்கிறது' என்று என் மேசைக்கு வருகிற கம்ப்யூட்டர்களில் கணிசமானவற்றுக்கு நான் போர்ட்டைத் தொடுவதே இல்லை. உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதை எடுத்துவிட்டு சாட்டா எஸ்.எஸ்.டி. என்ற, சுழலாத வேகமான டிஸ்க் ஒன்றைப் போட்டால், பத்து வருஷப் பழசுகூட எழும்பி ஓடும். சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு எந்தப் போர்ட்டும் ஒத்துவரும், பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை.

இரண்டாவது வகை, விண்டோஸ் பயம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. அந்த வாரம் முழுக்க, "கம்ப்யூட்டர் நின்னுடுமாமே, போர்ட்ட மாத்தணுமாமே" என்று ஆட்கள் வந்தார்கள். நிற்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நிற்கும். விண்டோஸ் 11 கேட்பது, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் ஜெனரேஷனும் அதற்கு மேலும், ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையும் அதற்கு மேலும், கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி. அந்த ஜெனரேஷன் புரொசெசர் உள்ளவர்களுக்கு டி.பி.எம். ஏற்கனவே உள்ளேயே இருக்கிறது, பயோஸில் (கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும், போர்ட்டுக்குள்ளேயே இருக்கும் புரோகிராம்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். இன்டெலில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும். அதைப் போட்டுவிட இரண்டு நிமிஷம். தலவாக்கலையிலிருந்து வந்த ஒரு டீச்சரிடம் யாரோ இதற்கே புதுப் போர்ட் விலை சொல்லியிருந்தார்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் போர்ட் தேவை என்றால், முதல் பொருத்தம் சொக்கட், அதாவது போர்ட்டில் புரொசெசர் உட்காரும் இடம். இன்டெல் இதில் நம்மை நன்றாகவே அலைக்கழித்திருக்கிறது. 6, 7ஆம் ஜெனரேஷனும் 8, 9ஆம் ஜெனரேஷனும் ஒரே 1151 சொக்கட்தான். புரொசெசர் உள்ளே அழகாக உட்காரும், வேலை மட்டும் செய்யாது. 8, 9க்கு எச்310, பி360, பி365 போன்ற 300 வரிசைச் சிப்செட் (போர்ட்டிலேயே இருக்கும் துணைச் சிப்) உள்ள போர்ட் வேண்டும். 10, 11க்கு 1200 சொக்கட். 12 முதல் 14 வரை 1700. அதற்குப் பிறகு வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 1851. ஏ.எம்.டி.யில் கதை கொஞ்சம் சுகம். ஏ.எம்.4 என்ற ஒரே சொக்கட்டில் பல வருஷம் ஓட்டினார்கள், 2022இல்தான் ஏ.எம்.5 வந்தது. ஏ.எம்.5இல் டி.டி.ஆர்.5 தவிர வேறு ராம் போடவே முடியாது.

ஏ.எம்.4இலும் ஒரு பொறி உண்டு. பி450 போர்ட்டுக்கு ரைசன் 5600 பொருந்தும், ஆனால் போர்ட்டில் இருக்கும் பயோஸ் பழசாக இருந்தால் திரை வராது. பயோஸைப் புதுப்பிக்க, அந்தப் போர்ட் அறிந்த பழைய புரொசெசர் ஒன்று கையில் வேண்டும், அல்லது புரொசெசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயோஸ் ஏற்றும் பொத்தான் போர்ட்டில் இருக்க வேண்டும். 1700 சொக்கட் உள்ள எச்610 போர்ட்டில் 13, 14ஆம் ஜெனரேஷன் போடும்போதும் இதே கதை. வாங்குகிற இடத்திலேயே "பயோஸ் அப்டேட் பண்ணிக் கொடுங்க" என்று கேளுங்கள். அவர்களிடம் பழைய புரொசெசர் இருக்கும், உங்களிடம் இருக்காது.

ராமைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறிக் கிடக்கிறது, எல்லாம் ஏ.ஐ. கம்பனிகளின் பசிக்கு. ஆகவே கையில் நல்ல டி.டி.ஆர்.4 ராம் 16 ஜி.பி. இருந்தால், அதை ஏற்கிற போர்ட்டைத் தேடுவதுதான் புத்தி. புதியதுதான் நல்லது என்று கடைக்காரர் சொல்லுவார். பிள்ளைக்கு வேண்டியது வேர்ட், எக்செல், கொஞ்சம் புரோகிராமிங், ஸூம் வகுப்பு. அதற்கு டி.டி.ஆர்.4 தாராளம்.

அடுத்தது திரை. இன்டெல் புரொசெசர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. ஏ.எம்.4 ரைசனில் 'ஜி' இல்லாத பெரும்பாலானவற்றுக்கும் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் இப்படியானதை வாங்கினால், போர்ட்டின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தும் திரை கறுப்பாகவே கிடக்கும். "மதர்போர்ட் செத்துட்டு" என்று வந்ததில் இது எத்தனையோ. அதோடு நம் பக்கத்து வீடுகளில் இன்னும் பாதி மொனிட்டர் நீலத் தலை வைத்த வி.ஜி.ஏ.தான். புதுப் போர்ட்டில் வி.ஜி.ஏ. துளை இருக்கிறதா என்று பெட்டிப் படத்தில் பாருங்கள். இல்லையென்றால் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் சின்ன அடெப்டரையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்துவிட்டு இங்கே வரும் பிராண்ட் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவே, அவற்றில் கவனம். கம்ப்யூட்டர் நல்லதுதான், நானே சிபாரிசு செய்வேன். ஆனால் பலவற்றின் பவர் சப்ளை வயர் தலை வழக்கமான 24 கால் அல்ல, அந்தக் கம்பனிக்கே உரியது. கேசிங்கில் திருகுத் துளைகளும் வேறு. போர்ட் போனால் அதே மாதிரிப் போர்ட்தான் வேண்டும், இல்லையென்றால் கேசிங், பவர் சப்ளை எல்லாமே புதிது.

பெட்டி பிரிக்காத 'புதிய' எச்61, எச்81 போர்ட்டுகளும் மலிவாகக் கிடைக்கின்றன. எச்61 சிப்செட் வந்தது 2011இல். இன்று விற்கிற பலவற்றில், பழைய போர்ட்டிலிருந்து கழற்றிய சிப்பைப் புதுத் தகட்டில் ஏற்றியிருக்கிறார்கள். பழைய 3ஆம் ஜெனரேஷன் மெஷினை இன்னும் ஒரு வருஷம் இழுக்க வேண்டுமென்றால் சரி. அப்கிரேட் என்ற பெயரில் அதில் பணம் போடாதீர்கள்.

இனி எந்தப் போர்ட் பெட்டியிலும் அச்சடிக்காத விஷயம். மலைநாட்டில் போர்ட் சாவது வேகம் குறைவாலல்ல. மின்னலாலும் ஈரத்தாலும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் காலையில் என் கடை வாசலில் வரிசை நிற்கும். கரண்ட் பிளக்கைக் கழற்றியவர்களும் அதில் இருப்பார்கள், ஏனென்றால் ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரைக் கழற்ற மறந்திருப்பார்கள். மின்னல் செம்புத் தொலைபேசி வயர் வழியாக ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து லேன் வயரில் ஏறி போர்ட்டுக்குள் இறங்கிவிடும். ஃபைபர் வயரில் மின்சாரம் ஓடாது, ஆனால் ரவுட்டரின் அடெப்டர் கரண்டில்தானே குத்தியிருக்கிறது? போர்ட் பெட்டியில் 'சர்ஜ் புரொடெக்ஷன்' என்று போட்டிருப்பது சின்னச் சின்ன ஏற்றங்களுக்கு. கம்பத்தில் விழுகிற மின்னலுக்கு அல்ல. இரண்டு வயரையும் கழற்றுவதுதான் பாதுகாப்பு.

அதோடு எர்த். இரண்டு கால் பிளக்கைச் செருகுவதற்காக மேல் ஓட்டைக்குள் பேனாவைக் குத்துகிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு எர்த் உள்ள மூன்று கால் வயர் கட்டாயம். கேசிங்கைத் தொட்டால் கையில் சுள்ளென்று ஏறுகிறதா? உங்கள் வீட்டுப் பிளக்கில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு போர்ட் வாங்குங்கள்.

ஈரம் அமைதியாகத் தின்னும். நுவரெலியாவிலிருந்து வந்த ஒரு போர்ட்டை லைட்டின் கீழ் பிடித்தபோது ராம் சொக்கட்டின் ஓரத்தில் பச்சைப் பாசி போலப் படிந்திருந்தது. செம்பு பூத்துப்போனது. லயத்து வீடுகளில் விறகடுப்புப் புகையும் சேரும். ஃபேனைச் சுழற்றினால் விரலில் கறுப்புப் பசை ஒட்டும், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை அடுப்படிச் சுவரோரம் வைக்காதீர்கள், குளிர்ந்த சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். அணைத்த உடனே சூட்டோடு பிளாஸ்டிக் உறை போட்டு மூடவும் வேண்டாம். லீவு நாளென்றாலும் அரை மணித்தியாலம் போட்டு வைத்தால் அதன் சொந்தச் சூட்டிலேயே காயும். நம்மூர்க் குளிர் புரொசெசருக்கு நல்லது என்று சிரிப்பேன், அந்த ஒரு லாபம் நமக்கு இருக்கிறது.

மாற்றும் நாளில் பிள்ளையின் ஃபைல்களை முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11இல் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், போர்ட் மாறியதும் ரிகவரி கீ கேட்கும். அது இல்லாமல் நானும் ஒன்றும் செய்ய முடியாது. பழைய கேசிங்கில் புதுப் போர்ட்டைப் பூட்டும்போது, அடியில் தேவையில்லாத இடத்தில் போர்ட்டைத் தாங்கும் பித்தளைக் கால் இருந்தால் கழற்றிவிடுங்கள், ஷோர்ட் ஆகிவிடும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். கேட்டால் பில் தர வேண்டியது விற்பவரின் கடமை, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. அதிகார சபையின் ஃபோன் இலக்கம் 1977. ஆனால் வாரண்டியில் அதிகம் தகராறு வருவது பில்லால் அல்ல, சொக்கட்டால். இன்டெல் போர்ட்டில் மயிரிழை போன்ற கால்கள் இருப்பது போர்ட்டின் பக்கம்தான். ஒன்று வளைந்தாலும் வாரண்டி போயிற்று. கடையிலேயே சொக்கட் மூடியைத் திறக்கச் சொல்லி, ஃபோன் லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எல்லாக் கால்களும் ஒரே பக்கம் சாய்ந்து, வயல் நாற்று போல ஒரே மாதிரி மின்ன வேண்டும். இடையில் ஒன்று வேறு மாதிரி மின்னினால் அந்தப் போர்ட் வேண்டாம்.

அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் எறியாதீர்கள். வாரண்டிக்குத் திருப்பி அனுப்பும்போது மூடி இல்லையென்றால் பல கடைகள் எடுப்பதில்லை. எறிந்தவர்களுக்காக என் மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிறேன். 1151 மூடி 1200க்கும் போகும், 1700க்கு வேறு அளவு. தேவையென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.