அதே ஹெலிகாப்டர், ஏன் இன்று இரண்டு பேர் குறைவு?

ஒரு ஜூலை மாதக் காலையில், மும்பையின் ஜூஹூ விமானத் தளத்தில், கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்குக்குக் கிளம்பக் காத்திருந்த தமிழர் ஒருவர் பைலட்டான என்னிடம் கேட்டார்: "போன தடவை 12 பேரை ஏத்தினீங்க. இன்னைக்கு 10 பேர்தான்னு எங்களை இறக்கிட்டீங்களே சார்?" நியாயமான கேள்வி. கிளம்பும் அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

மும்பை ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். கணக்குக்கு 90 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில், காற்றே இல்லாவிட்டால் போக 45 நிமிடம், வர 45 நிமிடம். மழைக்காலக் காற்று எதிரே 30 நாட் அடித்தால் போகவே 60 நிமிடம் ஆகும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், 36 நிமிடத்தில் கரைக்கு வந்துவிடலாம். ஆக மொத்தம் 96 நிமிடம். எதிர்க்காற்றுக்குள் அதிக நேரம் இருப்பதால், அங்கே இழந்ததைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. மணிக்கு 400 கிலோ எரிபொருள் குடிக்கும் ஹெலிகாப்டருக்கு அந்த 6 நிமிடம் 40 கிலோ.

சரி, 40 கிலோவுக்காக இரண்டு பேரை இறக்குவோமா? இல்லை. ஆளைக் குறைக்க வைப்பது கரையில் பெய்யும் மழை.

ஜூஹூவில் இறங்க முடியாவிட்டால் வேறெங்கே போவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பக்கத்திலேயே மும்பையின் பெரிய விமான நிலையம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான், ஒரே மேகம் இரண்டையும் மூடிவிடும். அப்படிப்பட்ட நாளில் தூரத்தில், வானம் தெளிவாக இருக்கும் இடத்தைத்தான் மாற்று நிலையமாக நம்ப முடியும். அங்கே போக அரை மணி நேரம் என்றாலும் 200 கிலோ கூடுதல் எரிபொருள். அது இரண்டு பேர், அவர்கள் பைகளோடு.

அதற்கும் மேல், கருவிகளை நம்பிப் பறக்கும்போது மாற்று நிலையத்துக்கு மேலே 30 நிமிடம் சுற்றும் அளவு இருப்பு தனியாக இருக்க வேண்டும். அதில் கை வைக்கும் நிலை வந்தாலே 'மேடே ஃப்யூயல்' (எரிபொருள் அவசரநிலை) என்று அறிவிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

கடலில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான ரிக்குகளில் ஹெலிடெக், அதாவது ஹெலிகாப்டர் இறங்கும் தளம், ஒன்றே ஒன்றுதான். நமக்கு முன்னே இறங்கிய ஹெலிகாப்டர் கோளாறாகி அங்கேயே நின்றுவிட்டால் டெக் இல்லை. அதனால் நான் ரிக்கில் எரிபொருள் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்புவதில்லை. டெக்கைத் தொடாமலே திரும்பி வரும் அளவு ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவேன். இது பல வருடப் பழக்கம், மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு கட்டத்துக்கு மேல் மறுபடி டெக்குக்கும் போக முடியாது. அந்த இடத்தைத் தாண்டும் முன் ரேடியோவில் கரையின் வானிலையைப் புதிதாகக் கேட்டுக்கொள்கிறோம். காலையில் கிடைத்த அறிக்கையை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. இளம் பைலட்டுகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

பயணிகளிடம் ஒரு வேண்டுகோள். எடை பார்த்த பிறகு பைக்குள் எதையும் சேர்க்காதீர்கள். ஊரிலிருந்து வந்த ஊறுகாய் பாட்டில், நண்பருக்கான பார்சல் எல்லாம் முன்பே தராசில் ஏறட்டும். கணக்கில் வராத எடையோடு டெக்கிலிருந்து எழும்பும்போது ஒரு இன்ஜின் நின்றால், மற்ற இன்ஜின் அதையும் சேர்த்தே தூக்க வேண்டும்.